முள்ளன் கடித்துவைத்த ரொட்டி

தாஷ்கண்ட்
12 அக்டோபர் 2003

அன்புத் தம்பி ஒலிமுக்கு,

சலாம். உடம்பு எப்படி இருக்கிறது? வீட்டில் லிதியா சுகமா? சமாராவில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையை வெளியே எடுத்தாயா இல்லையா? நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது பேசாமல் வருகிறது, இறங்கும்போது சண்டை போடுகிறது.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். முப்பது வயது இருக்காது. பெயர் திலோரம். செருப்பைக் கழற்றும் முன்பே, "நீங்கதானே கல்லக்கா?" என்றாள். எவ்வளவு நாளாயிற்று, யாராவது என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டு.

நம் 'கீழ்ப்பட்டணம்' பார்த்து வளர்ந்தவளாம். இப்போது அதே ஸ்டுடியோவில் பொம்மைப்பட இயக்குநர். கிடங்கில் ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறாள், உள்ளே நாம் குரல் கொடுத்த ஆட்கள் எல்லோரும். உன் முள்ளெலி முள்ளன், என் ஆமை கல்லக்கா, தபால்கார வௌவால், சுரங்க ரயிலுக்குக் கொடி காட்டும் அகழெலி. டீ ஊற்றிக் கொடுத்தேன், குடிக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

"கடைசிப் பாகத்துல முள்ளன் கடலைப் பார்க்கணும்னு ரொட்டியைக் கடிச்சு வச்சுட்டுக் கிளம்பினானே, அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. இவ்ளோ பெரிய பொண்ணு பொம்மைப்படம் பார்க்குதுன்னு தம்பிங்க கேலி பண்ணுவானுங்க. அப்பவும் விடமாட்டேன், அடுத்த வாரம் வந்துடுவான்னு உட்கார்ந்திருப்பேன். நாட்டையே மாத்திட்டாங்க, முள்ளனை மட்டும் யாரும் திருப்பிக் கூட்டிட்டு வரலையே அக்கா."

அவளே கூட்டி வரப்போகிறாள். ஒரே ஒரு பாகம், முள்ளன் வீடு திரும்புவது. உனக்குத் தெரியும், பொம்மைப்படத்தில் குரல் முதலில் வர வேண்டும், பிறகுதான் பொம்மை வாயை அசைக்கும். மார்ச்சில் குரல் பதிவு. உன்னை விட்டால் முள்ளனுக்கு யார் இருக்கிறார்கள்? இன்றும் எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டுக்குள் நுழையும்போது, "நான்தான், டீயைப் போடுங்க" என்று உன் மாதிரியே கரகரத்துக்கொண்டுதான் நுழைகிறார்கள். யார் சொன்ன வசனம் என்றே அதுகளுக்குத் தெரியாது.

நீ கிளம்பும்போது கடித்த ரொட்டியும் சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது. நிஜமான கீழ்ப்பட்டணத்துக்காரர்கள் வந்து கொறிக்காமல் இருக்கத் துணிப்பையில் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று தம்பி. ஊருக்குப் போனவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும் என்பதற்குத்தானே கடிக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. முன்பெல்லாம் பண்டிகைக்காவது போன் செய்வாய். மூன்று வருஷமாக வாழ்த்து அட்டைதான் வருகிறது. ஒரு நாள் கூப்பிடு.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அக்கா சனோபர்


சமாரா
9 நவம்பர் 2003

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஒலிமின் சலாம். நீங்களும் உங்கள் முழங்காலும் சமாதானமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகம். கம்பளிச் சட்டை செப்டம்பரிலேயே வெளியே வந்துவிட்டது, திட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லிதியாவிடம் கொடுத்தேன், அவள் படித்ததும் வாங்கி இன்னொரு முறை படித்தேன். நாம் குரல் பதிந்த அந்த நிலவறை ஞாபகமிருக்கிறதா? எதிரொலி வராமல் இருக்க, காசிம் அண்ணன் தன் வீட்டு மெத்தைகளைக் கொண்டுவந்து நான்கு சுவரிலும் ஆணியடித்தார். அவர் வீட்டு அண்ணி வந்து, "இன்னைக்கு ராத்திரி உங்க இயக்குநர் எங்க படுப்பாராம்?" என்று கேட்டார். நாம் சிரித்ததில் அன்று ஒரு பக்கம்கூடப் பதிவாகவில்லை.

பேசிக்கொண்டே இருக்கும்போது காலுக்கடியில் சுரங்க ரயில் போகும், தரை அதிரும், நிறுத்துவோம். பத்து முறை நிறுத்திய பிறகு அவர், "நிறுத்தாதீங்கப்பா, கீழ்ப்பட்டணத்துல ரயில் சத்தம் கேக்காம வேறென்ன கேக்கும்?" என்றார். அதற்குப் பிறகுதான் படத்துக்கு உயிர் வந்தது.

சாப்பாட்டு விஷயத்திலும் அவர் கறார்தான். வெறும் வாயை மென்று காட்டினால் விடமாட்டார். "பொம்மை பொய்யா இருக்கலாம், தின்கிற சத்தம் பொய்யா இருக்கக் கூடாது." அந்த ஒரு வருஷத்தில் நான் மென்ற வெள்ளரிக்காயை அடுக்கினால் சோர்சு சந்தையில் ஒரு கடை போடலாம்.

திலோரம் என்ற பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். மார்ச் என்பதுதான் யோசனையாக இருக்கிறது. வானொலியில் வேலை குவிந்து கிடக்கிறது, விடுப்புக் கொடுப்பார்களா தெரியவில்லை. போன் இங்கே சரியாகக் கேட்பதே இல்லை. கடிதமே நல்லது, உங்கள் கையெழுத்தையாவது பார்க்கலாம்.

உங்கள் துஆவை வேண்டும்,
ஒலிம்


தாஷ்கண்ட்
4 டிசம்பர் 2003

அன்புத் தம்பிக்கு,

சலாம். சுகம்தானே? லிதியா அனுப்பிய சால்வை வந்தது, நல்ல சூடு. இங்கே மாதுளை முடிந்து போயிற்று, சீமை மாதுளை மட்டும் சன்னலில் வரிசையாக மணத்துக்கொண்டிருக்கிறது.

போன் சரியாகக் கேட்பதில்லை என்று எழுதினாய். நான் செய்து பார்த்தேன். கண்ணாடி மாதிரிக் கேட்கிறது. லிதியாதான் எடுத்தாள். "அவர் குளிக்கிறார் அக்கா" என்றாள். சரி என்று இரண்டு மணி நேரம் கழித்துச் செய்தேன், அப்போதும் குளிக்கிறாயாம். மறுநாள் செய்தேன், மறுபடியும் குளியல். வோல்கா நதியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா?

ஒலிம், நேராகவே கேட்கிறேன். அவள் உன்னை என்னோடு பேச விடுவதில்லையா? நான் அவளை ஒரு நாளும் வேறாக நினைத்ததில்லை. அவள் அம்மாவுக்கு முடியாமல் போனது, நீ கிளம்பிப் போனாய், அது நியாயம். ஆனால் அந்த அம்மா போய் ஆறு வருஷம் ஆயிற்று.

திலோரம் பொம்மைகளைச் சரி பார்க்கிறாள். உன் முள்ளனுக்கு முதுகு பாதி வழுக்கை. துடைப்பப் புல்லை ஒவ்வொன்றாகக் கோந்து தொட்டு நட்டுக்கொண்டிருக்கிறாள். என் ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்டைத் துடைத்ததும் பழையபடி முறைக்கிறது. அவள் மார்ச் கடைசி வரை பொறுப்பாள். அதற்குள் பதில் சொல்.

அக்கா


சமாரா
2 ஜனவரி 2004

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சலாம். புத்தாண்டு உங்களுக்கு நலம் தரட்டும். முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவுகிறீர்களா?

லிதியாவை ஒன்றும் சொல்லாதீர்கள். நான் இன்று சாப்பிடுகிறேன், நடக்கிறேன், ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்காருகிறேன் என்றால் அது அவளால்தான். இதற்கு மேல் என்ன எழுதுவது.

முள்ளனுக்கு வேறு யாரையாவது பாருங்கள் அக்கா. என் குரலுக்கு வயதாகிவிட்டது. நல்ல பையனாகக் கிடைத்தால் இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: முள்ளன் கோபப்படும்போது சத்தம் ஏறக் கூடாது, இறங்க வேண்டும். பொய் சொல்லும்போது மூக்கை உறிஞ்சுவான். கல்லக்காவிடம் மட்டும் பொய் சொல்ல வராது, இருமிவிடுவான்.

நான் கிளம்பிய காலையை நினைத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் கடைசிப் பாகத்துக்குப் பேசி முடித்திருந்தோம். வாசலில் தந்தூர் சூட்டோடு ரொட்டியை நீட்டினீர்கள். பசி, பெரிதாகக் கடித்துவிட்டேன். "சின்னதா கடிடா, திரும்பி வந்து தின்ன மிச்சம் வேணாமா" என்றீர்கள். படத்தில் கல்லக்கா முள்ளனுக்குச் சொன்ன அதே வசனம். டாக்சிக்காரர் சிரித்தார், நீங்கள் சிரிக்கவில்லை. எள்ளும் கருஞ்சீரகமும் சேர்ந்த அந்த மணம் ரயிலில் ஓரன்பூர்க் வரை என் சட்டையில் இருந்தது.

உங்கள்,
ஒலிம்


தாஷ்கண்ட்
29 ஜனவரி 2004

ஒலிமுக்கு,

சலாம். நலம், நலமறிய அவா.

நீ சொன்னபடி ஒரு பையனை வரவழைத்தோம். நாடகக் கொட்டகையில் நல்ல பெயர் எடுத்தவன். "நான்தான், டீயைப் போடுங்க" என்றான். வாடகை கேட்க வந்தவன் மாதிரி இருந்தது. திலோரம் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பதில் வசனம் வாயில் வரவில்லை. நாற்பது வருஷ வேலையில் முதல் தடவையாக, "எனக்குத் தொண்டை சரியில்லை" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

உனக்கு வர மனமில்லை, அவ்வளவுதானே? அதைச் சொல்லிவிட்டுப் போ. வானொலி, விடுப்பு, வயது என்று சுற்றி வளைக்காதே. அந்த ரொட்டியைக் கீழே இறக்கி ஊறவைத்து மைனாக்களுக்குப் போட்டுவிடுகிறேன். அவையாவது தினமும் சன்னலுக்கு வருகின்றன.

சனோபர்


தாஷ்கண்ட்
2 மார்ச் 2004

அன்புத் தம்பிக்கு,

சலாம். உடம்பு சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரி என்னைக் கண்டால் இப்போது எதிர்ப்பக்கம் போகிறாள்.

ரொட்டியை இறக்கவில்லை. கையை ஆணி வரை கொண்டுபோனேன், அவ்வளவுதான். கோபத்தில் எழுதியதைத் தபாலில் போடும் முன் ஒரு நாள் வைத்திருந்து படிக்க வேண்டும் என்று நீதான் முன்பு சொல்வாய். நான் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

திலோரம் பதிவைத் தள்ளிப்போட்டாள். பொம்மைகள் தயாராக மேஜையில் நிற்கின்றன, ஆனால் குரல் வராமல் ஒன்றும் நகராது. மே மாதத்துக்கு மேல் அவளுக்கு இடம் தரமாட்டார்களாம். முள்ளனே இல்லாமல் எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டாள். நான் டீ போட எழுந்து போய்விட்டேன்.

ஒரு வரி எழுது.

அக்கா


தாஷ்கண்ட்
22 மார்ச் 2004

என் ஒலிமுக்கு,

சலாம். நவ்ரூஸ் வாழ்த்து.

நேற்று காலை எங்கள் முற்றத்துப் பெண்கள் கோதுமைச் சுமலக் கிண்டி முடித்தோம். ஒரு கிண்ணம் உனக்கென்று எடுத்துவைத்துவிட்டு, பண்டிகையாயிற்றே என்று போனை எடுத்தேன். லிதியா வெளியே போயிருந்தாள் போலிருக்கிறது. நீ எடுத்தாய்.

நான் 'அலோ, அலோ' என்றேன். நீ பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஒலிம், நாற்பது வருஷம் மைக்குக்கு முன்னால் நின்றவள் நான். யார் மூச்சு வாங்கினாலும் அது உதட்டிலிருந்தா, மூக்கிலிருந்தா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உன் மூச்சு இரண்டிலிருந்தும் வரவில்லை. கீழேயிருந்து, கழுத்திலிருந்து, காற்றுக் குழாய் மாதிரி சீறிக்கொண்டு வந்தது. எங்கள் வானொலியில் பழைய அறிவிப்பாளர் ஒருவருக்குத் தொண்டையில் அறுவை செய்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"ஒலிமா இருந்தா ஒரு தட்டு தட்டு" என்றேன். நீ தட்டினாய். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. சுமலக்கைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஏதோ சொன்னேன், நீ தட்டிக்கொண்டே இருந்தாய்.

எழுது. எல்லாவற்றையும் எழுது. லிதியாவிடம் சொல், குளியலைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடச் சொல்.

உன் அக்கா


சமாரா
10 ஏப்ரல் 2004

அக்கா,

சலாம். நான் சுகம். இந்தத் தடவை நிஜத்தை எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் குரல் கம்மியது. சளி என்று நினைத்தேன். சளி இல்லை. குரல்பெட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பவில்லை, மருத்துவர்கள் தைரியம் சொல்கிறார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. மேலே ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்கிறேன். வானொலியில் இப்போது நாடா அறையில் வேலை, மற்றவர்கள் பேசியதை அடுக்கி வைக்கிறேன். மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லை என்பதால் மணமும் தெரிவதில்லை. லிதியா சூப் கொதிக்கவைத்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் கடிதங்களில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன் அக்கா. தெருப் பிள்ளைகள் என் மாதிரி கரகரக்கிறார்கள் என்று எழுதினீர்களே, உலகத்தில் அந்த ஓர் இடத்திலாவது என் குரல் இருக்கட்டும் என்று தோன்றியது. லிதியாவை நான்தான் சத்தியம் செய்யவைத்தேன். குளிக்கிறார் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். வேறு பொய் யோசித்து வைக்கத் தெரியவில்லை, முள்ளனுக்கே உங்களிடம் பொய் வராதே.

மைனாக் கடிதம் வந்த பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை.

முள்ளன் இல்லாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கடலிலேயே இருந்துவிட்டான் என்று சொல்லட்டும். பிள்ளைகள் நம்புவார்கள்.

ஒலிம்


தாஷ்கண்ட்
24 ஏப்ரல் 2004

என் தம்பிக்கு,

சலாம். அழுதேன். இரண்டு நாள் அழுதேன், திலோரம் வந்து சோறு ஊட்டாத குறை. அதை எழுதிவிட்டேன், இனி வேலையைப் பார்ப்போம்.

பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக நானே நம்பவில்லை.

உன் கடிதத்தைத் திலோரமிடம் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் வெகுநேரம் அந்த முள்ளன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, ரொம்ப தூரம் போயிட்டு வந்தவன் வந்ததும் பேசுவானா என்ன? எங்கப்பா பட்டாளத்துலேருந்து வந்தப்போ ஒரு வார்த்தை பேசலை. உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்க சுத்தி நின்னு பார்த்தோம்."

"அப்போ முள்ளனுக்கு வசனமே வேணாங்கறியா?"

"வசனமெல்லாம் உங்களுக்கு. அவன் ஆணியிலேருந்து ரொட்டியை எடுத்துத் தின்னட்டும். ஆனா அந்தச் சத்தம் முதல்ல வேணும். அதுக்குத் தகுந்த மாதிரிதான் வாயை அசைப்பேன்."

புரிகிறதா? காசிம் அண்ணன் சொன்னதுதான், தின்கிற சத்தம் பொய்யாக இருக்கக் கூடாது. குரலை யாரிடமிருந்தும் இரவல் வாங்கிவிடலாம். நீ கடித்துவைத்த ரொட்டியை வேறு யார் தின்பது? எனக்கே அதைத் தொட உரிமையில்லை. நீ வந்தே ஆக வேண்டும்.

ரயிலடியில் ஆட்கள் கழுத்தைப் பார்ப்பார்கள் என்று பயப்படுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. பார்க்கட்டும். லிதியாவையும் கூட்டி வா. அவளுக்கென்று சன்னலோர அறையில் மெத்தை விரித்துவிட்டேன்.

பல் எல்லாம் இருக்கிறதா? அதை மட்டும் தந்தியில் சொல்.

அக்கா சனோபர்


தாஷ்கண்ட், உங்கள் சமையலறை மேஜை
16 மே 2004

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சலாம். உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் சுகமா? இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஏனென்றால் நீங்கள் நாலு எட்டுத் தள்ளி அடுப்புக்கு முன்னால் நிற்கிறீர்கள். முழங்கால் சண்டை போடுவது இங்கிருந்தே தெரிகிறது. லிதியா காய் நறுக்குகிறாள். அவள் ரஷ்யன் பேசுகிறாள், நீங்கள் நம் பாஷையில் பதில் சொல்கிறீர்கள், கேரட் மட்டும் சரியாக நறுக்கப்படுகிறது.

பேச முடியாதவன் எழுதித்தானே ஆக வேண்டும். அதனால் நேற்று நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்றாலும்.

நிலவறைக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. சுவரில் காசிம் அண்ணன் வீட்டு மெத்தைகள் அப்படியே, அவற்றின் பூக்கள் மட்டும் வெளுத்துவிட்டன. நீங்கள் பையை அவிழ்த்து ரொட்டியை மேஜையில் வைத்தீர்கள். என் பல்லின் அரைவட்டம் அதில் அப்படியே இருந்தது. முப்பத்தொன்பது வயதுக்காரனின் வாய் அது, இப்போது என் வாய் அதைவிடச் சின்னதாகத் தோன்றியது.

"அண்ணே, ஒரே ஒரு ரொட்டிதான் இருக்கு. சரியா வரலைன்னா திரும்ப எடுக்க வழியில்லை" என்றாள் திலோரம். நீங்கள், "அவன் தின்கிறதுல என்னைக்கும் தப்பு பண்ணினதில்லை" என்றீர்கள்.

கல் மாதிரி இருந்தது. டீயில் தொட்டுக்கொள்ளலாமா என்று கையால் கேட்டேன், சத்தம் போய்விடும், வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். பழைய கடிவாயிலேயே பல்லைப் பதித்துக் கடித்தேன். அது உடைந்த சத்தத்தில் கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுப் பையன் நிமிர்ந்து பார்த்தான். மென்றேன். மணம் தெரியவில்லை. ஆனால் ஒரு கருஞ்சீரகம் பல்லுக்கடியில் உடைந்தது, நாக்குக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் காலுக்கடியில் ரயில் போயிற்று. நிறுத்தச் சொல்லி ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் காகிதத்தில் இல்லாத வசனத்தைச் சொன்னீர்கள். கல்லக்காவின் குரலில், மெதுவாக, "நிதானமாத் தின்னுடா. யாரும் பிடுங்க மாட்டாங்க." நான் அழுதது நாடாவில் இருக்காது, கவலைப்படாதீர்கள். என் அழுகைக்கு இப்போது சத்தம் கிடையாது.

பொடிகூட மிச்சம் வைக்கவில்லை. திலோரம் பொம்மைகளை நகர்த்தத் தொடங்கிவிட்டாள். இன்று காலை போனபோது முள்ளன் வாயைத் திறந்தபடி நின்றான், மூடுவதற்கு நாளை மாலை ஆகிவிடுமாம். ஊருக்குத் திரும்பும் நாளுக்கு நீங்கள் இரண்டு ரொட்டிக்குச் சொல்லிவைத்திருப்பதை லிதியா எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அவளுக்கும் ஒன்று என்று தெரிந்ததிலிருந்து எங்கே கடிப்பது, எவ்வளவு கடிப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சின்னதாகக் கடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆணி காலியாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இந்தக் காகிதத்தை மடித்து உங்கள் கையில் கொடுக்கப்போகிறேன். கண்ணாடியைத் தேடி, ஈரக் கையைத் துடைத்து, நிதானமாகப் படியுங்கள். நேற்று அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் உள்ளுக்குள் என் குரலில் படித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது தெரியும்.

நான்தான். டீயைப் போடுங்க.